கிராந்திக்கு ஒரு மன்னிப்பு: ஃபெராரா, வெனிஸ், பெர்காமோ

நவம்பர் 19, ஃபெராரா

ஒரே பனிமூட்டம். ரயிலடியை விட்டு வெளியே வந்தால் எதிர்ச்சாரி மரம்கூடத் தெரியவில்லை. சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கிறது. இந்த ஊரில் பாட்டிகளும் சைக்கிள்தான். அக்கா மப்ளரைக் காது வரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, "மார்கழி மாதிரியே இருக்குடா, கோலந்தான் இல்ல" என்றாள்.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை போக மிச்ச நேரத்தில் நான் ஒரு சின்னப் பாடற்குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவன். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் நிகழ்ச்சித் தாளில் 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் அலெஸ்ஸாந்த்ரோ கிராந்தியைப் பற்றி நான்கு வரி எழுதினேன். "மொண்டெவெர்தியின் உதவியாளர். இனிமையானவர், ஆனால் சிறியவர்" என்பது அதன் சாரம். (மொண்டெவெர்தி அந்தக் காலத்தின் பெரிய இசையமைப்பாளர், வெனிஸ் சான் மார்க்கோ கோயிலின் இசைத் தலைவர்.) அப்போது அவருடைய பாட்டு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மேற்கத்திய இசை வரலாறு படிக்கிற எல்லாருக்கும் பாடப்புத்தகத்தில் வருகிற அதே 'ஓ க்வாம் தூ புல்க்ரா எஸ்'. ஒற்றைப் பாட்டைக் கேட்டு ஒரு ஆளை எடை போட்டுவிட்டேன். போன வருடம் அவருடைய மொட்டெட்டுகளை வரிசையாகப் பாடிப் பார்த்தபோது முகத்தில் அறைந்தது போல் இருந்தது. (மொட்டெட் என்றால் லத்தீனில் அமைந்த வழிபாட்டுப் பாட்டு.) அந்த நான்கு வரியைத் திருத்தி எழுத வேண்டும். எழுதுமுன் அவர் பாடிய ஊர்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அக்கா வீணை கற்றவள், பணி ஓய்வு பெற்றவள், "நானும் வரேன்" என்று சேர்ந்துகொண்டாள். கடைசி இரண்டு நாள் பெர்காமோவில் பாடகர்களுக்கான ஒரு சின்னப் பயிலரங்கு இருக்கிறது.

ஃபெராரா எஸ்தே வம்சத்தின் ஊர். நடு ஊரில் அகழி சூழ்ந்த செங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே அரசவையில் பாடிய பெண்கள் குழு இத்தாலி முழுக்கப் பேர் பெற்றது. 1597இல் இரண்டாம் அல்ஃபோன்ஸோ வாரிசில்லாமல் இறந்தார், மறு வருடம் போப்பாண்டவர் ஊரை எடுத்துக்கொண்டார், அரசவை கலைந்தது. கிராந்தி அப்போது சிறுவன்.

அரசவை போனாலும் இசைக்காரனுக்கு இங்கே வேலை இருந்தது, இடம்தான் மாறியது. மத சகோதரத்துவச் சங்கங்கள் பாடகர்களை வைத்துக்கொண்டன. கிராந்தி வேலை பார்த்த சங்கங்களில் ஒன்றின் பெயர் 'மரணம்', இன்னொன்றின் பெயர் 'பரிசுத்த ஆவி'. முதல் பெயரைக் கேட்டதும் அக்கா நின்றுவிட்டாள். இந்த மாதிரிச் சங்கங்கள் மரண தண்டனைக் கைதிகளுக்குக் கடைசிவரை துணையிருந்தன, இறந்தவர்களை அடக்கம் செய்தன. அந்தப் பேர் வந்த வழி அதுதான். அப்புறம் ஊரின் பேராலயத்திலும் கிராந்தி இசைத் தலைமை ஏற்றார். அதன் முகப்பு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மூன்று முக்கோணம் சேர்த்து வைத்த மாதிரி இருக்கும் என்று படத்தில் பார்த்திருந்தேன். இன்று பனியில் கீழ்ப்பாதிதான் கிடைத்தது.

பெரிய அரசவையும் பெரிய பாடற்குழுவும் இல்லாத ஊர் என்ன பாடும்? இந்தக் கேள்விக்கு 1602லேயே வியாதானா என்ற பாதிரி ஒரு வழி கண்டிருந்தார். எட்டுக் குரலுக்கு எழுதிய பாட்டை இரண்டு மூன்று பேர் வைத்துக்கொண்டு பாடினால் நடுநடுவே ஓட்டை விழுகிறது. அதற்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று குரலுக்கென்றே எழுதி, ஓட்டையை ஆர்கனின் கீழ்ச்சுரத்தால் நிரப்பிவிடலாம். ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு இது. கிராந்தியின் முதல் மொட்டெட் தொகுதி 1610இல் வந்தபோது அந்த ஏற்பாடே கலையாகியிருந்தது. மொண்டெவெர்தியின் புகழ்பெற்ற மாலை வழிபாட்டுத் தொகுதியும் அதே 1610இல்தான் அச்சானது. அது பிரம்மாண்டம், இது சிக்கனம். நாம் பிரம்மாண்டத்தைப் பார்த்தே வாய் பிளந்து பழகியவர்கள்.

ராத்திரி பரங்கிக்காய் பூரணம் வைத்த பாஸ்தா. 'கப்பெல்லாச்சி' என்று பெயர். அக்கா சைவம், இத்தாலியில் என்ன சாப்பிடப் போகிறாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். "பரங்கிக்காய் கொழுக்கட்டைதானே, கொஞ்சம் ஜாதிக்காய் தூக்கல்" என்று இரண்டாம் தட்டு கேட்டாள்.

நவம்பர் 20, வெனிஸ்

சான் மார்க்கோ கோயிலுக்குள் நுழைந்தால் எல்லாரும் செய்கிறதையே நானும் செய்தேன். அண்ணாந்து பார்த்தேன். ஐந்து கும்மட்டம், அத்தனையும் பொன் மொசைக். வரிசை பின்னாலிருந்து தள்ளுகிறது, நின்று பார்க்க விடுவதில்லை. நான் பார்க்க வந்தது கும்மட்டத்தை அல்ல. பீடப்பகுதியில் இரண்டு பக்கமும் சிற்பி சன்சோவினோ கட்டிய இரண்டு சின்னப் பாடகர் மாடங்கள் இருக்கின்றன. வெண்கலப் புடைப்புச் சிற்பங்களோடு, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நாலைந்து பேர் நெருக்கியடித்து நிற்கலாம் போல. அவ்வளவுதான்.

1617இல் கிராந்தி இங்கே பாடகராகச் சேர்ந்தார். 1620இல் மொண்டெவெர்திக்கு அடுத்த இடம். அப்போது இது ஊரின் பேராலயம் அல்ல, வெனிஸ் தலைவரான தோஜேயின் சொந்த வழிபாட்டிடம். அது பேராலயமானது 1807இல். தோஜே உட்கார்ந்ததும் இந்தப் பீடப்பகுதியில்தான், மாடத்திலிருந்து சில அடி தூரத்தில். ஒலியியல் ஆய்வாளர்கள் இங்கே கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். நடுக்கூடத்தில் நிற்கிறவனுக்குச் சத்தம் குழம்பிப் போகிறது. தோஜேயின் இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது.

எனக்கு இதுதான் முதல் சாவி. கிராந்தியின் ஒற்றைக்குரல் மொட்டெட் காதருகே பாடும் இசை. நான் முன்னால் கேட்ட ஒலிப்பதிவுகளில் பெரும்பாலும் குரலை ஒரு குகைக்குள் தூரமாக வைத்து, சுற்றிலும் எதிரொலி மஞ்சை விரித்திருப்பார்கள். 'புனிதமாக' இருக்க வேண்டுமாம். போன வருடம் ஒரு கச்சேரியில் இன்னும் மோசம். இரண்டு தியோர்போ (நீளக் கழுத்துள்ள தந்தி வாத்தியம்), யாழ், செல்லோ, கொம்பு, ஆர்கன் என்று ஒரே ஒரு பாடகிக்கு ஒரு படையே திரட்டியிருந்தார்கள். கிராந்திக்கு வயலின் வேண்டுமென்றால் அவரே எழுதியிருப்பார், எழுதியும் இருக்கிறார். 1621இல் வந்த தொகுதியில் ஒன்றிரண்டு குரலுக்கு வாத்தியங்களைச் சேர்த்திருக்கிறார். குரல் ஒரு வரி சொல்லி நிற்கும், வயலின்கள் புகுந்து பதில் சொல்லும், மறுபடி குரல். எங்கே வரவேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்கிறது. அப்படி அளந்து வைத்தவரின் தனிக்குரல் பாட்டில் நாமாக ஒரு பட்டாளத்தை இறக்குவது, ரசத்தில் வெண்ணெய் போடுகிற வேலை.

இன்னொன்றும் இந்த ஊரில் நடந்தது. 1620இல் அச்சான அவருடைய காதல் பாட்டுத் தொகுதியின் தலைப்பில் 'கந்தாதே' என்ற சொல் இருக்கிறது. பிற்பாடு 'கந்தாத்தா' என்று ஐரோப்பா முழுக்கப் பரவிய வடிவத்தின் பெயர் அச்சேறிய மிகப் பழைய இடங்களில் ஒன்று. கீழே பாஸ், அதாவது கீழ்ச்சுர, வரி ஒவ்வொரு கண்ணிக்கும் அப்படியே திரும்ப வரும், மேலே மெட்டு மட்டும் கண்ணிக்குக் கண்ணி மாறும். பாஹ் எழுதிய கந்தாத்தாக்களைச் சிலாகிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆளைத் தெரியும்?

நவம்பர் 21, வெனிஸ்

இன்று சலூத்தே திருநாள். நாள் பார்த்துத்தான் பயணத்தை வைத்தேன். பெருங்கால்வாயின் குறுக்கே வருடத்தில் இந்தச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். ஊரே மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு அதன் மேல் நடந்து சாந்தா மரியா தெல்லா சலூத்தே கோயிலுக்குப் போகிறது. சுற்றுலாக் கூட்டத்தை விட உள்ளூர்க்காரர்கள் அதிகமாகத் தெரிகிற நாள். கைக்குழந்தைகள், சக்கர நாற்காலியில் தாத்தாக்கள். வெளியே பலூன், பஞ்சு மிட்டாய். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், "கடைசியில நமக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு திருவிழா!"

1630இல் கொள்ளைநோய் வந்தபோது செனட் நேர்ந்துகொண்ட கோயில் இது. நோய் அடங்குவதற்குள் நகரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மக்கள் போய்விட்டார்கள். 1631 நவம்பரில் நன்றி வழிபாடு நடந்தபோது இசை மொண்டெவெர்தியுடையது. அவர் பிழைத்துக்கொண்டார். அப்புறம் பாதிரியாகவும் ஆனார், இன்னும் பெரிய ஆப்பெராக்கள் (இசை நாடகங்கள்) எழுதினார், 1643இல் எழுபத்தாறு வயதில் இறந்தார்.

கிராந்தி அந்த நோய்க்கு மூன்று வருடம் முன்பே, 1627இல், பெர்காமோவுக்குப் போயிருந்தார். அதே கொள்ளைநோய் 1630இல் அங்கே அவரையும் குடும்பத்தையும் கொண்டுபோய்விட்டது. வயது நாற்பதைச் சுற்றி இருந்திருக்கும். 'சிறியவர்' என்று நான் எழுதினேனே, மொண்டெவெர்தி நாற்பது வயதில் செத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மந்த்துவா அரசவையில் எழுதிய 'ஓர்ஃபெயோ' ஆப்பெரா மிஞ்சியிருக்கும், ஐந்து மாட்ரிகல் (பல குரல் பாட்டு) தொகுதிகள் மிஞ்சியிருக்கும். 1610 மாலை வழிபாடு இருக்காது. வெனிசில் அவர் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார்.

நானும் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தேன். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. திருநாள் உணவு புகையிட்ட ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் சேர்த்த சூப், நான் மட்டும் சாப்பிட்டேன். உப்பு ஜாஸ்தி.

நவம்பர் 22, ரயிலில்

ப்ரெஷியாவில் வண்டி மாற வேண்டும், அங்கே முக்கால் மணி காத்திருப்பு. இன்று சிசிலியாவின் நாள், இசைக்காரர்களின் புனிதர். அக்காவிடம் சொன்னதற்கு, "அப்ப இன்னிக்கி சாதகம் பண்ணலாம், எத்தனை கட்டை உனக்கு?" என்று ஆரம்பித்தாள்.

விளையாட்டாகக் கேட்டாள், ஆனால் விஷயம் அதுதான். இன்று மேற்கில் எல்லாரும் 'ஏ' சுரத்தை 440 அதிர்வில் வைக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு வெனிசில் அது ஏறத்தாழ 465, கிட்டத்தட்ட அரைக்கட்டை மேலே. அந்தக் காலக் கொம்பு வாத்தியங்கள் நிறையத் தப்பி வந்திருப்பதால் இதை அளந்தே சொல்ல முடிகிறது. சுருதி ஏறினால் டெனர் குரல் இறுகிப் பளிச்சென்று ஆகும், பாஸ் குரல் கனத்தை இழக்கும். சோம்பலான அழகு போய் ஒரு அவசரம் வந்துவிடும்.

அதைவிட முக்கியம் சுரங்களுக்கு இடையிலான தூரம். இன்றைய பியானோவில் பன்னிரண்டு சுரமும் சம இடைவெளி. அன்றைய ஆர்கனில் அப்படி இல்லை. காந்தாரத்தைச் சுத்தமாக வைத்துவிட்டு, அதற்காகப் பஞ்சமத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுவார்கள். கைபேசியில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "இது தம்புராவுல தானா வர்ற அந்தர காந்தாரம்டா, பியானோவுல இத கேட்டதே இல்ல" என்றாள். எனக்கு அது சொல்லிப் புரிய இரண்டு வருடம் ஆனது. இதில் ஒரு பக்க விளைவு உண்டு. அரைச்சுரப் படிகள் எல்லாம் ஒரே அகலமாக இருக்காது, ஒன்று குறுகல், அடுத்தது அகலம். ஆகவே கிராந்தி துக்கச் சொல்லுக்குச் சுரத்தை அரை அரையாக நழுவவிடும்போது ஒவ்வொரு படியும் வேறு மாதிரி குத்தும். சம இடைவெளி பியானோவோடு பாடினால் அத்தனையும் வழுக்கி ஓடிவிடும்.

ஷூட்ஸ் கதையையும் வண்டியிலேயே சொன்னேன். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் அரசவை இசைத் தலைவர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ் 1628இல் புதிய இசையைக் கேட்க இரண்டாம் முறை வெனிசுக்கு வந்தார். கிராந்தி அப்போது பெர்காமோவில். ஆனால் அச்சுத் தாள்கள் வெனிசில்தான் கிடைத்தன. 1650இல் ஷூட்ஸ் வெளியிட்ட தொகுதியில் ஒரு ஜெர்மன் பாட்டின் தலைப்பிலேயே, இது அலெக்சாந்தர் கிராந்தியின் 'லீலியா கொன்வால்லியும்' மேல் அமைந்தது என்று இருக்கிறது. இடையில் முப்பது வருடப் போர், ஷூட்ஸின் அரசவை சிதைந்து, ஆட்கள் குறைந்து, அவருக்கும் கையில் கிடைத்தது ஒன்றிரண்டு குரல்தான். அந்தச் சிக்கனக் கலையை அவர் யாரிடம் கற்றார் என்று ஜெர்மன்காரர்கள் வெறும் அடிக்குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஷூட்ஸே தலைப்பில் போட்டிருக்கிறார், அவரை விட நமக்கு என்ன தெரியும்?

நவம்பர் 23, பெர்காமோ

இரண்டு ஊர் ஒன்றாக இருக்கிறது. கீழூர் சாதாரணம், மேலூர் மலை மேல், கயிற்றில் இழுக்கும் சின்ன ரயிலில் ஏற வேண்டும். சுற்றிலும் வெனிஸ்காரன் கட்டிய மதில். 1428 முதல் 1797 வரை இது வெனிஸின் ஊர். சிறகு முளைத்த சிங்கம் இங்கேயும் நிற்கிறது. ஆகவே கிராந்தி வெனிசை விட்டு ஓடிவந்தார் என்று நினைக்கக் கூடாது. இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தார், அதே நாட்டுக்குள்.

பயிலரங்கில் ஐந்து பேர், ஆசிரியை ஒருவர், ஒரு பெட்டி ஆர்கன். முதல் வேலையாக எங்கள் கையிலிருந்த அச்சு நோட்டைப் பிடுங்கிவிட்டு, 17ஆம் நூற்றாண்டு ஏட்டின் நகலைக் கொடுத்தார். அன்று எல்லாக் குரலையும் சேர்த்துப் போட்ட புத்தகம் பாடகனுக்குக் கிடையாது. ஆளுக்கொரு ஏடு, அதில் அவனவன் வரி மட்டும். மற்றவன் என்ன பாடுகிறான் என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துப் பாட ஆரம்பித்தோம். தாளில் புதைந்திருந்த தலை நிமிர்ந்தது.

காலை முழுக்க மூன்றுதாளம் பற்றிய சண்டை. கிராந்தியின் தனித்தன்மையே இது: பேச்சுப்போல நகரும் பகுதி, திடீரென்று மூன்றில் சுழல்கிற பகுதி, மறுபடி பேச்சு. அந்த மூன்று எவ்வளவு வேகம்? ஏட்டில் அது பெரிய பெரிய வெள்ளைக் குறிகளாக இருக்கிறது, பார்த்தால் ஆமை வேகம் போலத் தோன்றும். ஒரு விதிப்படி முன்னால் ஒன்று வந்த நேரத்தில் இப்போது மூன்று வரவேண்டும். இன்னொரு விதிப்படி இரண்டு வந்த நேரத்தில் மூன்று. அன்றைய சாத்திரக்காரர்களே ஒத்துப்போகவில்லை. இன்றைய பதிப்பாளர்கள் குறிகளைப் பாதியாகச் சுருக்கி அச்சிடுகிறார்கள், பாடுகிறவர்கள் அதைப் பார்த்து ஓடுகிறார்கள், பாட்டு ஊஞ்சலுக்குப் பதில் ராட்டினம் ஆகிவிடுகிறது. ஆசிரியையின் வழி எளியது. "கையைக் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, அதை நிறுத்தவே கூடாது, இரண்டு பகுதிக்கும் அதே கை" என்றார். நாங்கள் எட்டு முறை முயன்றோம். ஏழு முறை கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். எட்டாவது முறை மூன்று தானாக வந்து உட்கார்ந்தது, பேசிக்கொண்டே வந்த ஆள் நடனத்துக்குள் காலெடுத்து வைத்த மாதிரி. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அலங்காரம். ஃப்ளாரன்ஸில் வேலை பார்த்த பாடகர் காச்சினி 1602இல் தன் தொகுதியின் முன்னுரையில் 'திரில்லோ' எப்படிப் பழகுவது என்று எழுதிவைத்திருக்கிறார். ஒரே சுரத்தைக் காலளவில் தொடங்கி, 'ஆ' என்ற உயிரெழுத்தில், தொண்டையால் திரும்பத் திரும்ப அடித்து வேகம் கூட்ட வேண்டும். இந்தக் காலத்துப் பாடகர்கள் திரில் என்று செய்கிற இரண்டு சுர ஆட்டம் இல்லை. என்னைச் செய்யச் சொன்னார்கள். என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைப் பற்றி அக்கா ராத்திரி சொன்னது: "ஆடு கத்தின மாதிரி இருந்துச்சு, ஆனா கடைசி ரெண்டு தடவ பரவால்ல." இதை நம் கமகத்தோடு ஒப்பிட எனக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். கமகம் ராகத்தின் உடம்பு, அதை எடுத்தால் ராகம் இல்லை. திரில்லோ ஒரு சொல்லின் முனையில் வைக்கிற பொட்டு. அது இல்லாமலும் முகம் முகம்தான். அதனால்தான் கண்ட இடத்திலெல்லாம் வைக்கக் கூடாது. மிலானில் பிரான்செஸ்கோ ரொஞோனி 1620இல் வெளியிட்ட பயிற்சி நூலில் ஒரு சின்ன வரியைப் பத்து விதமாக அலங்கரித்துக் காட்டுவார். பத்தையும் ஒரே பாட்டில் கொட்ட வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் நாம் கொட்டுகிறோம்.

யார் பாடினார்கள் என்ற கேள்வியும் வந்தது. ஆலயத்தில் பொதுவாகப் பெண்கள் பாட முடியாது, கன்னிமாடங்கள் தவிர. மேல் குரலுக்குக் காஸ்ட்ராட்டோக்கள் (குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட ஆண்கள்), பையன்கள், பொய்க்குரலில் பாடும் ஆண்கள். ஆனால் அந்தக் காலத் தொகுதிகள் பலவற்றில் 'சோப்ரானோ (உச்சக் குரல்) அல்லது டெனர்' என்று தாராளமாக அச்சிட்டிருப்பார்கள். ஆள் கிடைத்தபடி ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாடிக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் எனக்குக் காது நிமிர்ந்தது. இத்தனை வருடம் 'ஓ க்வாம் தூ' சோப்ரானோக்களின் சொத்து என்று ஒதுங்கியிருந்தேன்.

நவம்பர் 24, பெர்காமோ

காலையில் சாந்தா மரியா மஜ்ஜோரே. இந்தக் கோயிலுக்கு முன்வாசல் கிடையாது, பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். வாசலில் தூணைச் சுமக்கிற இரண்டு சிவப்புக்கல் சிங்கங்கள், குழந்தைகள் ஏறி ஏறி முதுகு வழவழத்துக் கிடக்கிறது. உள்ளே ஒரு இஞ்ச் சுவர் காலி இல்லை. 1265இல் தொடங்கிய ஒரு தர்மச் சங்கம்தான் 15ஆம் நூற்றாண்டிலிருந்து இதை நடத்துகிறது. கிராந்திக்குச் சம்பளம் கொடுத்ததும் அதுவே. கையில் பெரிய குழு கிடைத்ததும் அவர் எட்டுக் குரலுக்கு வேதாகமச் சங்கீதங்கள் எழுதி 1629இல் அச்சிட்டார், 1630இல் திருப்பலியும் சங்கீதங்களும் கொண்ட தொகுதிகள். சிக்கனக்காரருக்குப் பிரம்மாண்டமும் தெரியும். அந்த வருடமே நோய் வந்தது.

பின்சுவரில் தொனிசெத்தியின் கல்லறை. இந்த ஊர்க்காரர், ஆப்பெராக்களுக்குப் பேர்போனவர், 1848இல் இங்கேயே இறந்தார். வெள்ளைச் சலவைக்கல், கீழே துக்கத்தில் யாழைப் போட்டு உடைக்கிற குட்டித் தேவதைகள். பக்கத்தில் அவருடைய குரு மாயருக்கும் நினைவிடம் உண்டு. கிராந்திக்கு எதுவும் கண்ணில் படவில்லை. கொள்ளைநோயில் செத்தவனுக்குக் கல் யார் நடுவார்கள்? "2020ல டிவியில காட்டினாங்களே, ராத்திரி ராணுவ லாரி வரிசையா சவப்பெட்டி ஏத்திட்டுப் போச்சே, அது இந்த ஊர்தானே?" என்றாள் அக்கா. ஆமாம், இதே ஊர்தான். அவள் கொஞ்ச நேரம் சிங்கத்தின் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கடைசி வகுப்பு. கச்சேரி என்று ஒன்றுமில்லை, ஆளுக்கொரு பாட்டை மற்றவர்களுக்குப் பாட வேண்டும், அவ்வளவுதான். நான் 'ஓ க்வாம் தூ புல்க்ரா எஸ்' கேட்டு வாங்கினேன். 1625இல் சான் மார்க்கோ பாடகர் சிமொனெத்தி தொகுத்த 'புனித மாலை' என்ற தொகுதியில் வந்தது. சொற்கள் உன்னதப்பாட்டிலிருந்து. தமிழ் வேதாகமத்தில் 'நீ ரூபவதி, என் பிரியமே' என்று வருமே, அதேதான். உன் கண்கள் புறாக்கண்கள், உன் கூந்தல் வெள்ளாட்டு மந்தை, லீபனோனிலிருந்து வா. கடைசியில் 'நேசத்தால் சோகமடைந்திருக்கிறேன்'.

மற்றவர்கள் நாற்காலிகளை அரைவட்டமாக இழுத்துப் போட்டார்கள், நெருக்கமாக. ஆசிரியை ஆர்கனில் ஒரே ஒரு மரக்குழல் வரிசையை மட்டும் திறந்தார். அலங்காரம் இரண்டே இடத்தில் என்று முன்பே பேசி வைத்தோம். பேச்சுப் பகுதியில் அவர் என் வாயைப் பார்த்து வாசித்தார். 'ஓ க்வாம் தூ' என்ற சொற்கள் நடுநடுவே திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கண்டுபிடித்தவன் போலச் சொல், நினைவிலிருந்து ஒப்பிக்காதே என்றார். 'சூர்ஜே', எழுந்திரு, என்று மூன்றில் சுழல்கிற இடத்தில் நேற்றைய கை நினைவிருந்தது. கடைசி 'லாங்குவெயோ'வில், சோகமடைந்திருக்கிறேன் என்ற இடத்தில், சுரம் நழுவும்போது ஆர்கனின் குறுகல் படியும் அகலப் படியும் காதில் தனித்தனியாக விழுந்தன. என் குரல் ஒரு இடத்தில் கரகரத்தது. நிறுத்தாமல் போனேன்.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை, அந்த அறையில் அது பழக்கமில்லை. அக்கா இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு தடவ பாடு. ஆனா இந்தத் தடவ என் மூஞ்சியப் பாத்துப் பாடாத, கூச்சமா இருக்கு" என்றாள்.